பசிப்பிணி தீர்க்கச் சங்கம் கண்ட இராமலிங்கர்

நல்லது செய்ய வேண்டும் என்னும் எண்ணமுடையோர் ஓரிடத்தில் கூடுவதும், அவர்களுள் கற்றறிந்த ஒருவர் எழுந்து பேசுவதும், ஏனையோர் அமைதியாக அமர்ந்து கேட்பதும் தொன்றுதொட்டு எல்லாச் சமுதாயங்களிலும் நிலவிவரும் வழக்கமாகும். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசலில் அணியணியாக அமர்ந்து பயானும் குத்பாவும் கேட்கும் நமக்கு இதனை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கேட்டவர்கள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கிய பின்னர் கேட்டது என்ன ஆகிறது என்பதே எந்த அவைக்கும் உரிய சோதனை. அந்தச் சோதனையைத் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை இன்று காண்போம். அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவரல்லர். ஆயினும், பசித்தவனுக்கு உணவளிப்பது இறைவனுக்கு உவப்பான செயல் என்று நம்பும் எவருக்கும் அவர் அந்நியருமல்லர். வள்ளலார் என்று தமிழுலகம் போற்றும் இராமலிங்க அடிகளே அவர்.

சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள மலைக்கோயில் ஊர் திருத்தணி. மலையேறும் படிகள் 365 என்பர். ஆண்டின் நாளுக்கு ஒரு படி. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் நெடிய போராட்டத்தின் பின் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்தது. இம்மலையை மனத்தில் வைத்துக்கொண்டு, சென்னைப் பட்டணத்தின் ஏழுகிணறுப் பகுதியில், வீராசாமிப் பிள்ளைத் தெருவில் ஒரு மாடியறையில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த சிறுவனிடமிருந்துதான் நமது வரலாறு தொடங்குகிறது.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க்கணக்கர். பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்தவர். குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் அவர் காலமானார். தாயார் சின்னம்மையார் ஐந்து மக்களையும் அழைத்துக்கொண்டு, பொன்னேரியை அடுத்த தமது பிறந்தகமான சின்னக்காவணத்துக்கு வந்து சேர்ந்தார். பின்னர் பிழைப்பை நாடிக் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. மூத்தவர் சபாபதிப் பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து வீட்டைக் காத்தார். கற்க அனுப்பிய தம்பியோ கந்தகோட்டத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். சினங்கொண்ட தமையனார் வீட்டில் சோறிடலாகாது என்று கட்டளையிட, அண்ணியார் பாப்பாத்தி அம்மையார் கணவர் அறியாமல் கொழுந்தனுக்கு உணவளித்து வந்தார். பிற்காலத்தில் ஆயிரமாயிரம் பேருக்கு உலை வைக்கச் செய்தவர், ஒருகாலத்தில் தம் வீட்டிலேயே மறைவாகச் சோறுண்ண நேர்ந்தது என்பதை வரலாறு எழுதியோர் பலர் ஒரு வரியில் கடந்து விடுகின்றனர். அதில் நின்று பார்க்க வேண்டிய பொருள் உண்டு என்றே எமக்குத் தோன்றுகிறது.

அண்ணியார் கண்ணீர் உகுத்து வேண்டியதால் வீடு திரும்பிய இராமலிங்கருக்கு மாடியறை கொடுக்கப்பட்டது. அவ்வறையில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, விளக்கேற்றி, அதன்முன் அமர்ந்து தியானித்தார் என்றும், அதில் திருத்தணிகை முருகனின் வடிவத்தைக் கண்டார் என்றும் அவருடைய அன்பர் கூறுவர். சென்னைக்கும் அப்பகுதிக்கும் இருப்புப்பாதையே இல்லாத காலம் அது. இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதற்புகைவண்டி ஓடியது 1856இல்தான். தணிகையை எண்ணி அவர் பாடியவை பல பதிகங்களாகத் திரண்டன.

அந்நாளைய சென்னையில் நல்லோர் கூடும் இடங்களாகச் செல்வந்தரின் வீட்டுக் கூடங்கள் விளங்கின. விளக்கு வைத்தபின் அக்கம்பக்கத்தார் கூடுவர். ஒருவர் புராணச் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பொருள் விரிப்பார். கடை மூடிய வணிகர், கணக்கெழுதும் குமாஸ்தா, வீட்டுப் பெண்டிர் எனப் பலரும் கேட்பர். சோமு செட்டியார் என்பார் இல்லத்தில் சபாபதிப் பிள்ளை பெரியபுராணம் சொல்லி வந்தார். ஒரு நாள் அவருக்கு உடல்நலம் குன்றியது. சில பாடல்களை மட்டும் படித்துவிட்டு வரும்படி தம்பியை அனுப்பினார். சென்ற சிறுவரோ முதற்பாடலுக்கே பொருளை விரித்துக்கொண்டு போக, நேரம் போனதறியாமல் அவை வீற்றிருந்தது. மறுநாள் முதல் தம்பியே பேச வேண்டும் என்று கேட்டோர் விரும்பினர். அப்போது அவருக்கு வயது ஒன்பது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இத்தகைய நாவன்மை வாய்த்தவர் அதனையே தொழிலாகக் கொண்டிருந்தால் பட்டணத்தில் வளமாக வாழ்ந்திருக்கலாம். பட்டும் பொன்னாடையும் தேடி வந்திருக்கும். அவர் அதனைத் தொழிலாக்கிக் கொள்ளவில்லை. வெள்ளை ஆடையைத் தலையோடு போர்த்திக்கொண்டு எளிமையாக நடந்தார், காவியும் உடுத்தவில்லை. பிற்காலத்தில் அவருடைய பாடல்களை அச்சிட இறுக்கம் இரத்தின முதலியார் முயன்றபோது, இராமலிங்கசாமி என்று தம் பெயரை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் அதற்குத் தாம் இசையவில்லை என்று கடிதம் எழுதினார். பாடல்கள் கைக்கு வரும்வரை நாளைக்கு ஒருவேளையே உண்பது என்று இரத்தின முதலியார் உறுதி பூண்ட பின்னரே அச்சிடும் முயற்சிக்கு அவர் இசைந்தார்.

1849 முதல் தொழுவூர் வேலாயுத முதலியார் போன்ற கல்விமான்கள் அவரை அடுத்தனர். 1850இல் தமக்கையார் மகள் தனக்கோடியை வீட்டார் வற்புறுத்தலால் மணந்தார். இல்லறத்தில் அவர் மனம் செல்லவில்லை. 1854இல் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் வெளிவந்தது. தேர்க்காலில் கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய சோழனின் கதை அது. தன் மகன் இப்பழியைச் செய்ய நேர்ந்ததற்குத் தான் முன்னர் என்ன தீங்கிழைத்தோமோ என்று மன்னன் தன்னையே வினவிக்கொள்ளும் பகுதி நீண்ட பட்டியலாக விரிகிறது. உழைத்தவனுக்குக் கூலியைக் குறைத்தது, ஈகை செய்பவனின் கையைத் தடுத்தது, நண்பரிடையே பகை மூட்டியது, பசியோடு நின்றவனைக் காணாதவன்போல் கடந்தது என்று வரும் அவ்வினாக்கள், அரியணையில் இருந்தவனை மட்டுமா சுடும்? கடைத்தெருவில் துலாக்கோல் பிடிப்பவனையும், வயலில் ஆள் வைத்து வேலை வாங்குபவனையும் ஒருங்கே சுடுகின்றன. ஊரார் கூடிய அவையில் ஒருவர் உரக்கப் படித்தால், கேட்போர் ஒவ்வொருவரும் எங்கேனும் ஓரிடத்தில் தலைகுனிய நேரும்.

1858இல் அவர் பட்டணத்தை விட்டுப் புறப்பட்டார். சிதம்பரத்தை வழிபட்டு, வடலூரை அடுத்த கருங்குழி என்னும் சிற்றூரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கே ஒன்பதாண்டுகள் கழிந்தன. அவர் தண்ணீரில் விளக்கெரித்தார் என்னும் செய்தி அவ்வூரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அற்புதங்களை அவர் அன்பர்களிடமே விட்டுவிட்டு, அவர் செய்து வைத்த ஏற்பாடுகளை நாம் நோக்குவோம்.

1865இல் அவர் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். சமரச வேத சன்மார்க்க சங்கம் என்பது அதன் முதற்பெயர். 1872இல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என அது மாற்றப்பட்டது. இறைவன் ஒருவனே, அவன் அருட்பேரொளியாய் விளங்குபவன். சாதிப் பிரிவும் சமயப் பிணக்கும் மனிதர் கற்பித்துக் கொண்டவை. சிறு தெய்வங்களின் பெயரால் உயிர்ப்பலி கூடாது. எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் கொள்வதே இறையருளை எய்தும் திறவுகோல். இவையே அச்சங்கத்தின் அடிப்படைகள். இரக்கம் என்ற சொல்லை அவர் மேடைச் சொல்லாக விட்டுவைக்கவில்லை. பிற உயிருக்கு நேரும் துன்பங்களுள் பசியும் கொலையுமே மிகக் கொடியவை என்றும், ஆதலால் அவ்விரண்டையும் நீக்குவதே இரக்கத்தின் முதற்கடமை என்றும் வரையறுத்தார்.

அக்காலத்தில் பாரத நாட்டில் இவ்வாறான கூட்டங்கள் வேறு சிலவும் எழுந்தன. கல்கத்தாவில் இராஜாராம் மோகன்ராயின் பிரம்ம சமாஜம் 1828இலேயே தோன்றிவிட்டது. ஸர் ஸையித் அஹ்மத் கான் காஸிப்பூரில் தமது அறிவியல் சங்கத்தை நிறுவியது 1864இல். அது பின்னர் அலிகருக்குப் பெயர்ந்து, ஒரு சமுதாயத்தின் கல்விக்கு வித்தாயிற்று என்பதை நாம் அறிவோம். பம்பாயின் பிரார்த்தனா சமாஜம் 1867இல் பிறந்தது. இவை யாவும் நகரங்களில், ஆங்கிலமும் அச்சுக்கூடமும் அறிந்தோர் நடுவே முளைத்தவை. இராமலிங்கரின் சங்கமோ தென்னார்க்காட்டின் வறண்ட மேட்டு நிலத்தில், கம்பும் கேழ்வரகும் பயிரிடும் குடியானவர் நடுவே முளைத்தது. அதனாலேயே அது பேச்சிலிருந்து உலைக்குப் போகும் தொலைவு குறைந்தது போலும்.

1866ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. தானிய விலை ஏறி, கூலி வேலை செய்தோர் சோற்றுக்கு அலைந்தனர். இந்நிலையில் வடலூர் மக்களை அணுகி ஓர் அறச்சாலைக்கு இடம் வேண்டினார் இராமலிங்கர். ஏறத்தாழ 80 காணி நிலத்தை அவ்வூரார் கூடி எழுதிக் கொடுத்தனர். ஒரு பெருஞ்செல்வர் தம் பெயர் விளங்க ஈந்த கொடையன்று அது. ஊரே சேர்ந்து தந்தது. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், மண்சுவரும் கூரையுமாக எழுந்த தருமச்சாலையில் அடுப்பு மூட்டப்பட்டது. அவர் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடையின் கருத்து அத்தொடக்க விழாவில் கூடியோர்க்கு எடுத்துரைக்கப்பட்டது. பேச்சு ஒரு பக்கம், பந்தி ஒரு பக்கம் என்று இராமல், அன்று இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடந்தன.

அவ்வுரைநடையில் பசியைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தவர் மறப்பதரிது. பசி முற்றும்போது கண்ணும் காதும் நாவும் எவ்வாறு தளர்கின்றன, அறிவும் மானமும் எவ்வாறு மங்குகின்றன என்பதை மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்கிறார். உணவு உள்ளே சென்றதும் அவை யாவும் மீண்டும் எவ்வாறு தழைக்கின்றன என்பதையும் அவ்வாறே சொல்கிறார். அண்ணியார் மறைவாக இட்ட சோற்றை உண்ட சிறுவனின் வயிறு இவ்வரிகளுக்குப் பின்னால் நிற்கிறது என்று நாம் ஊகித்தால் தவறாகாது. மேலும், இவ்வறம் செல்வருக்கே உரியதென்று அவர் ஒதுக்கவில்லை. இல்வாழ்வான் தன் தரத்துக்கேற்பச் செய்யலாம். திருமணம் முதலிய விழாக்களில் பசித்தவரை மறவாது முன்னிறுத்த வேண்டும் என்பது அவர் கூற்று.

உண்ண வருவோரைச் சாதி, சமயம், ஊர், ஒழுக்கம் என்று எதனையும் கேட்டு நிறுத்தலாகாது என்பது சாலையின் விதி. பசி ஒன்றே அங்கே தகுதி. புலால் உண்பதை அவர் கடுமையாகக் கடிந்தார். இதில் நம்முடைய வாழ்க்கை முறையினின்றும் அவர் வேறுபடுகிறார். புலால் உண்போரைத் தம் நெறியின் உறவினராகக் கொள்ள இயலாது என்றே பாடியும் வைத்தார். அவ்வாறு ஒதுக்கிய அதே பாடலில், அவர்களுக்கும் பசி தீர்க்கும் கடமை மட்டும் உண்டென்று விதித்தார். கொள்கையில் எவ்வளவு மாறுபட்டவனாயினும் அவனுடைய இலையில் சோறு விழத் தடையில்லை. உடன்பட்டவருக்கு ஈவது எவர்க்கும் எளிது. உடன்படாதவனின் பசியை மதிப்பது எத்துணைப் பேரால் இயலும்?

சாலையோடு கல்விக்கும் வழி செய்தார். சன்மார்க்க போதினி என்னும் பாடசாலையில் தமிழுடன் வடமொழியும் ஆங்கிலமும் கற்பிக்கத் திட்டமிட்டார், முதியோரும் கற்கலாம். திருக்குறளைப் புலவர் வீட்டுத் திண்ணையிலிருந்து இறக்கிப் பொதுமக்கள் கூடிக் கேட்கும் வகுப்பாக நடத்தச் செய்தார்.

ஆயினும் நல்லோர் கூட்டமும் மனிதர் கூட்டமே. அறப்பணி செய்ய வந்தவர்களிடையே மனத்தாங்கல்கள் எழுந்தன போலும். 1870இல் அவர் சில கல் தொலைவிலுள்ள மேட்டுக்குப்பத்துக்குச் சென்று, சித்திவளாகம் என்று பெயரிட்ட குடிலில் தங்கினார். அங்கிருந்து சாலையிலுள்ளோர்க்கு எழுத்து மூலம் ஒழுக்கக் கட்டளைகளை அனுப்பினார். ஒருவரோடொருவர் பிணங்காதிருக்கவும், சினத்தைத் தவிர்க்கவும் அவற்றில் வலியுறுத்தினார். ஊர்ப் பசியை ஆற்றும் வேலையில் இறங்கியவர்களுக்குத் தம்முள் ஒற்றுமையாக இருக்கும்படி ஓலை எழுத வேண்டியிருந்தது என்பது, சங்கம் நடத்திப் பார்த்த எவருக்கும் வியப்பளிக்காது.

வெளியிலும் பிணக்கு வந்தது. அவருடைய பாடல்களின் முதல் நான்கு திருமுறைகள் திருவருட்பா என்னும் பெயரோடு 1867இல் வெளிவந்ததும், அவற்றை அருட்பா என்பது தகுமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தெழுந்தார். நாவலரும் எளியவரல்லர். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் பொதுமக்களுக்குச் சமயப் பேருரை நிகழ்த்தியவர். தமிழ் உரைநடைக்கும் மேடைக்கும் வழிகாட்டியவர். மக்களைக் கூட்டி நல்லன எடுத்துரைப்பதில் ஒருவருக்கொருவர் இளைக்காத இருவரின் பெயரால் கண்டன நூல்களும் கண்டனக் கூட்டங்களும் பல்லாண்டு தொடர்ந்தன. இரு பெரியாரும் மறைந்த பின்னரும் அது ஓயவில்லை. அவ்வளவு மையும் மூச்சும் செலவான அதே ஆண்டுகளில் வடலூரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று வடலூரில் எண்கோண வடிவான சத்திய ஞான சபை திறக்கப்பட்டது. அங்கே உருவச் சிலை நிறுவப்படவில்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளி காட்டப்படுகிறது. 1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி, கூடியிருந்தோர்க்கு நீண்ட உரையொன்றை ஆற்றினார். பேருபதேசம் என்று அதனைக் கூறுவர். ஒன்பது வயதில் சோமு செட்டியார் இல்லத்தில் பேசத் தொடங்கியவரின் பெயர்பெற்ற இறுதிப் பேருரை அதுவாயிற்று. தாம் முன்னர்ப் பாடிப் பரவிய சமய நூல்களிலும் பற்று வைத்து நின்றுவிடாது, காலத்தை வீணாக்காமல் உண்மையை விசாரித்தறிய முனையுமாறு கேட்டுக்கொண்டார். தாம் இத்தனை காலம் எடுத்துரைத்தும் உள்ளபடி கேட்டு நடந்தவர் இலரே என்னும் ஏக்கம் அவருடைய இறுதிக் காலத்தில் வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கூடினர்; அவர் எதிர்பார்த்த அளவுக்கு அவர்கள் மாறவில்லை.

1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்தின் அறையினுள் சென்று கதவைச் சாத்திக்கொள்ளச் செய்தார். அதன்பின் எவரும் அவரைக் காணவில்லை. அவர் ஒளியில் கலந்தார் என்பது அன்பரின் நம்பிக்கை. மாவட்ட ஆட்சியராயிருந்த கார்ஸ்டின் 1878இல் வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்ட நூலிலும் இச்செய்தி இடம்பெற்றது.

அவர் மறைந்த இரண்டாண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைப் பிடித்தது. 1876 முதல் 1878 வரை இலட்சக்கணக்கானோர் மாண்ட கொடும் பஞ்சம் அது. உரை நிகழ்த்த ஆசிரியர் இல்லை. ஏங்கி எழுதிய கட்டளைகள் மட்டும் இருந்தன. 1867இல் மூட்டிய நெருப்பு அன்று முதல் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது என்பது வடலூர் மரபு. அரிசியும் பருப்பும் காய்கறியும் இன்றும் ஊர்களிலிருந்து வந்து சேர்கின்றன. வருவோர் யாரென்று கேட்பதில்லை.

ஏழுகிணற்று மாடியறையில் தணிகையை எண்ணிப் பாடிய பாடல்கள், அவர் மறைந்து ஆறாண்டுகள் சென்றபின், 1880இல் ஐந்தாம் திருமுறையாக அச்சேறின. 2022ஆம் ஆண்டு அக்டோபர் தொடங்கி அவருடைய 200ஆம் ஆண்டைத் தமிழக அரசு ஓராண்டுக் காலம் அன்னதானத்தோடு கொண்டாடியது. அவர் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளுக்குத் தனிப்பெருங்கருணை நாள் என்று பெயர். அதற்குச் சில நாட்கள் முன்னதாக, 2022 செப்டம்பர் 16ஆம் நாள், திருத்தணி மலைக்கோயிலில் நாள் முழுவதும் உணவளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் படியேறி வருவோர், காலை முதல் இரவு வரை எந்நேரமாயினும், அங்கே பந்தியில் அமர்ந்து உண்ணலாம்.